வாப்பாவின் கையில் குர்ஆன் பேனா

என் வாப்பாவுக்கு (தந்தைக்கு) கண் அழுத்த நோயால் இரண்டு கண்ணிலும் பார்வை போய் மூன்று வருடமாகிறது. அதுவரை அதிகாலைத் தொழுகையான சுபுஹு தொழுதுவிட்டு, குர்ஆனின் முப்பதில் ஒரு பகுதியான ஒரு ஜுஸ்வு ஓதாமல் அவர்கள் பசியாறியதே இல்லை. பார்வை போன பிறகு மனப்பாடமாக இருந்த யாசீனும் முல்க்கும் கடைசி ஜுஸ்வும்தான் மிஞ்சின. மற்ற சூராக்களெல்லாம் (அத்தியாயங்களெல்லாம்) சாவி தொலைந்த அலமாரிக்குள் இருப்பதுபோல இருக்கிறது என்று ஒரு நாள் உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் குர்ஆன் ஓதும் பேனாவை வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கைப்பேசியில் கிடைக்காததா என்று கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் தொடுதிரையில் அவர்கள் விரல் எங்கே பட்டாலும் எதுவோ திறந்துகொள்கிறது. ஒவ்வொரு முறையும் என்னையோ என் மகனையோ கூப்பிட வேண்டியிருக்கிறது. முஸ்ஹபை (குர்ஆன் நூலை) எதிரில் விரித்து வைத்து ஓதிப் பழகியவர்களுக்கு, தாளைக் கை தொட வேண்டும்.

விலை நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெட்டிக்குள் தடித்த பேனா ஒன்று, அதற்கென்றே அச்சிட்ட முஸ்ஹப் ஒன்று, குழந்தைகள் அரபி எழுத்துப் பழகும் காயிதா ஒன்று, சார்ஜ் செய்யும் வயர். பேனாவின் முனையை ஓர் ஆயத்தின் (வசனத்தின்) மேல் வைத்தால் அந்த ஆயத்தை ஓதுகிறது. சூராவின் தலைப்பில் வைத்தால் சூரா முழுவதும் ஓடுகிறது. வேறு எந்த முஸ்ஹபிலும் இது வேலை செய்யாது. காரணத்தை நான் கண்ணாலேயே பார்த்தேன். வாப்பா கல் வியாபாரம் செய்தவர்கள். மாணிக்கத்தையும் நீலத்தையும் சோதிக்கும் லென்ஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதை வைத்துப் பக்கத்தைப் பார்த்தால், எழுத்துகளுக்கு அடியிலும் இடையிலும் சாம்பல் தூவியதுபோலப் பொடிப் புள்ளிகள். வெறும் கண்ணுக்குத் தாள் லேசாக மங்கியிருப்பதாக மட்டுமே தெரியும். பேனா முனையில் இருக்கும் சிறிய கேமரா அந்தப் புள்ளிகளின் வரிசையைப் படித்து, எந்த ஆயத் என்று அறிந்து, தன் நினைவகத்தில் உள்ள ஒலியை எடுத்துப் போடுகிறது. நான் இதைச் சொன்னதும் வாப்பா லென்ஸைக் கேட்டு வாங்கி, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்கள்.

வாங்கிய கடையைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பின் ஒலி முழுவதும் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லித்தான் விற்றார்கள். வீட்டில் வந்து பார்த்தால் உருதும் மலையாளமும் இருந்தன, தமிழ் இல்லை. இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டும் 'பார்த்துச் சொல்கிறோம்' என்ற பதில்தான். கடைசியில் என் மகன் கணினியில் இணைத்து, தமிழ்க் கோப்புகளை இறக்கி ஏற்றினான். எட்டு நாள் வீணாயிற்று. கண் தெரியாத மனிதரிடம் "நாளைக்கு வாப்பா, நாளைக்கு" என்று எட்டு நாள் சொல்வது எளிதல்ல.

இதைவிடப் பெரிய குறை பேனாவிலேயே இருக்கிறது. பார்வை இல்லாதவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்று செய்தவர்கள் யோசித்திருக்கிறார்கள், ஆனால் பாதிதான் யோசித்திருக்கிறார்கள். தலைப்பு எங்கே இருக்கிறது என்று விரலுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் மேடு பள்ளம் எதுவும் இல்லை. ஒலியைக் கூட்டும் பொத்தானும் குறைக்கும் பொத்தானும்கூடத் தொட்டால் ஒன்றுபோலவே இருக்கின்றன. முஸ்ஹபின் மேல் எதையும் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. சேலைப் பெட்டியின் அட்டையைப் பக்க அளவுக்கு வெட்டி, சூராவின் தலைப்பு வரும் இடத்தில் மட்டும் ஒரு ஜன்னல் எடுத்தேன். அந்தப் பக்கத்தில் நூல் நாடா ஒன்றைப் போட்டுவைத்தேன். வாப்பா கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து உட்கார்ந்து, நாடாவைப் பிடித்துப் பக்கத்தை விரித்து, அட்டையை ஓரம் சேர்த்து வைத்து, விரலால் ஜன்னலைத் தேடி அதற்குள் பேனாவை இறக்குகிறார்கள். யார் உதவியும் வேண்டியதில்லை.

முதல் அட்டை யூசுஃப் சூராவுக்கு. அவர்களே கேட்டது அது.

பேனாவில் ஓதுபவர்கள் பலரின் குரல்கள் இருக்கின்றன. வாப்பா எகிப்தின் ஹுஸரியைத்தான் நிறுத்திக்கொண்டார்கள். 1961-இல் வெளிவந்த முதல் முழுக் குர்ஆன் ஒலிப்பதிவு அவருடையது. அவசரமில்லாத, ஒவ்வொரு எழுத்தும் தனித்து நிற்கும் ஓதல். அரபிக்குப் பின் தமிழ் வருமாறு வைத்திருக்கிறோம். தமிழ்க் குரல் தெளிவானதுதான், ஆனால் அரபி முடிந்து மூச்சுவிடும் முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியைக் கூட்டுவதற்கு வழியில்லை. யூசுஃப் சூராவின் 111 ஆயத்துகளும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

மூஸா நபி (அலை) அவர்களின் வரலாறு குர்ஆனில் பல சூராக்களில் பிரிந்து வருகிறது. யூசுஃப் நபி (அலை) அவர்களுடையது மட்டும் ஒரே சூராவில், கனவில் தொடங்கி அந்தக் கனவு பலிப்பது வரை ஒரே ஓட்டமாக வருகிறது. அதில் ஒரு சட்டை மூன்று இடத்தில் வரும். சகோதரர்கள் பொய் இரத்தம் தோய்த்துக் கொண்டுவருவது ஒன்று. பின்பக்கம் கிழிந்திருந்ததால் யூசுஃப் குற்றமற்றவர் என்று காட்டுவது இன்னொன்று. மூன்றாவது, அழுது அழுது கண் வெளுத்துப்போன தந்தை யஃகூப் நபியின் முகத்தில் போடப்படுவது. போட்டதும் பார்வை திரும்புகிறது. முதல் நாள் அந்த ஆயத் வந்தபோது வாப்பா பேனாவை எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். எடுக்கவில்லை. கடைசி ஆயத் வரை கேட்டுவிட்டு, "சட்டை வருவதற்கு முன்னாலேயே அவர்களுக்கு யூசுஃபின் வாடை தெரிந்துவிட்டது, கவனித்தாயா மகளே?" என்றார்கள்.

வியாழக்கிழமைகளில் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து வாத்தியார் வருவார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கத்தோலிக்கர், வாப்பாவுக்கு நாற்பது வருடப் பழக்கம். ஒரு வியாழன் அவரும் உட்கார்ந்து முழுவதையும் தமிழில் கேட்டார். அடுத்த வாரம் தன் விவிலியத்தோடு வந்தார். "பாய், தொடக்கநூலில் இந்தக் கதை 37-ஆம் அதிகாரத்தில் ஆரம்பிக்கிறது, கேளுங்கள்" என்று உரக்கப் படித்தார். அங்கே ஆட்டின் இரத்தத்தில் தோய்த்த அங்கியைப் பார்த்ததும் யாக்கோபு (குர்ஆனின் யஃகூப்) மகனைக் கொடிய விலங்கு தின்றுவிட்டதாகவே நம்பிவிடுகிறார். குர்ஆனில் யஃகூப் நபி நம்பவே இல்லை. இது நீங்கள் ஜோடித்தது என்று சொல்லி, அழகிய பொறுமையை மேற்கொள்கிறார்கள். தொடக்கநூலில் யாக்கோபின் கண் மங்குவது முதுமையால். அது திரும்புவதும் இல்லை. ஆனால் எகிப்துக்குப் புறப்படும்போது இறைவன் அவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்: இறக்கும்போது யோசேப்பின் (யூசுஃபின்) கை உன் கண்களை மூடும்.

வாத்தியார் இதைப் படித்ததும் வாப்பா திரும்பப் படிக்கச் சொன்னார்கள். பிறகு, யூசுஃப் நபி சகோதரர்களை மன்னித்துச் சொன்ன "இன்று உங்கள் மீது எந்தப் பழியும் இல்லை" என்ற சொல்லை, மக்கா வெற்றியின் நாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் எடுத்துச் சொன்னதாக வாத்தியாருக்கு விளக்கினார்கள். யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வாரம் ஒரு பகுதியாக ஓராண்டில் ஓதி முடிப்பார்கள் என்றும் யோசேப்பின் பகுதி குளிர்காலத்தில் வரும் என்றும் வாத்தியார் சொன்னார். ஈசா நபி (இயேசு) பற்றிய நம்பிக்கையில் இருவரும் வேறு வேறு என்பது இருவருக்கும் தெரியும். அதை மறைப்பதும் இல்லை, அதற்காகச் சண்டை பிடிப்பதும் இல்லை.

பேட்டரி எங்களுக்கு மூன்று நாள் வருகிறது. முனை தாளில் செங்குத்தாகப் படவில்லையென்றால் சில சமயம் பக்கத்து ஆயத்தைப் பிடித்துக்கொள்கிறது. காயிதாவை என் மகன் வைத்திருக்கிறான், நன்றாகவே இருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே பேனாவில் தமிழைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதல் சூராவை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நடுவில் எங்காவது வைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கென்றால் பேனாவை அவர்கள் கையிலேயே கொடுத்து, பொத்தான் பிடிபடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். குறைகளோடு சேர்த்தே சொல்கிறேன், இந்தப் பணத்துக்கு எங்கள் வீட்டில் இதைவிட நல்ல பொருள் வந்ததில்லை.

இரண்டாவது அட்டையைப் போன வாரம் வெட்டினேன், மர்யம் சூராவுக்கு. 98 ஆயத்துகள். அது ஜக்கரிய்யா நபி (அலை) பிள்ளை கேட்டு இறைவனை மெல்ல அழைப்பதில் தொடங்குகிறது என்று வாப்பா சொன்னதும், லூக்கா நற்செய்தியும் செக்கரியாவிடமிருந்துதான் தொடங்குகிறது என்று வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரும் வியாழன் இரண்டையும் கேட்பதாக ஏற்பாடு. புதிய அட்டையில் ஜன்னல் சற்றுச் சிறியதாகிவிட்டதாம், இன்னும் ஒரு நூல் அளவு வெட்டச் சொல்லியிருக்கிறார்கள்.