மூலையை அளக்க டிஜிட்டல் ஆங்கிள் ஃபைண்டர்: புதுச்சேரிச் சுவர்களில் எதுவரை நம்பலாம்?

புதுச்சேரியில் வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர், அதன்மேல் பலமுறை ஏறிய பூச்சு. அங்கே ஒரு மூலை சரியாக 90 டிகிரி இருந்தால் அது தற்செயல்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதிதாகக் கட்டிய வீட்டிலும் கொத்தனார் மூலையில் கரண்டியை எப்படி இழுத்தாரோ, அதுதான் கோணம். இருந்தும் சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு 45-இல் வெட்டி, விழுந்த இடைவெளியைப் பட்டி வைத்து மறைப்பது வழக்கமாகிவிட்டது. தேக்குக்கு வார்னிஷ் அடிக்கும் வீட்டில் அந்த மறைப்பு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

இந்த வேலைக்கு இப்போது அதிகம் வாங்கப்படுவது 200 மி.மீ. எஃகுக் கைகள் இரண்டு, நடுவில் ஒரு சிறு திரை, ஒரு பூட்டுத் திருகு கொண்ட டிஜிட்டல் ஆங்கிள் ஃபைண்டர். விரித்தால் 400 மி.மீ. ஸ்கேலாகவும் ஆகும். பல பெயர்களில் விற்றாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. திரையில் 0.05 டிகிரி வரை எண் ஓடும். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் துல்லியம் பெரும்பாலும் கூட்டியோ குறைத்தோ 0.3 டிகிரி. கடைசி இலக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அந்த 0.3 டிகிரி பெரிய குறையா? 12 மி.மீ. கனமுள்ள ஸ்கர்ட்டிங்கில் அதனால் வரும் இடைவெளி 0.1 மி.மீ.கூட இல்லை. அந்த வேலைக்கு இந்தக் கருவி தாராளமாகப் போதும். பிழை நுழைவது வேறு இடத்தில். கை 200 மி.மீ. நீளம்தான். பூச்சில் 1 மி.மீ. மேடு இருந்து கையின் நுனி அதன்மேல் உட்கார்ந்தால், அதுவே கிட்டத்தட்ட 0.3 டிகிரியைத் தின்றுவிடும். இரண்டு சுவரிலும் மேடு இருந்தால் இரட்டிப்பு. போதாக்குறைக்கு, உள்மூலையின் அடியில் பூச்சும் பட்டியும் திரண்டு வளைந்து நிற்கும்; கருவியின் திருகு முனை அதற்குள் போகவே போகாது.

ஆகவே கருவியைச் சுவரில் நேரடியாக வைக்கக் கூடாது. நேராக இழைத்த 300 மி.மீ. பிளைவுட் துண்டு இரண்டை, மூலையிலிருந்து 15 மி.மீ. தள்ளி, இரு சுவரையும் ஒட்டி வையுங்கள். அவற்றின் முன்முகங்களுக்கு நடுவே கருவியை விரியுங்கள். துண்டின் இரு முகமும் இணையாக இருந்தால் கிடைப்பது சுவரின் கோணமேதான். பழைய சுவராக இருந்தால் 600 மி.மீ. அலுமினியப் பட்டை இன்னும் நல்லது. அதே 1 மி.மீ. மேடு அங்கே 0.1 டிகிரிதான் தவறு செய்யும். பலகையின் அடி உயரத்தில் ஒன்று, மேல்விளிம்பு உயரத்தில் ஒன்று என இரண்டு அளவு எடுங்கள். இரண்டும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் சுவர் முறுக்கியிருக்கிறது, அல்லது பூச்சு சீராக இல்லை. கண்ணுக்குப் படுவது மேல்விளிம்பு. அந்த அளவுக்கே வெட்டுங்கள்.

திரையில் வரும் எண்ணை ரம்பத்துக்கு மாற்றும்போது நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரிது. மூலை 92.4 என்று காட்டினால், அதைப் பாதியாக்கி 46.2-இல் ரம்பத்தை வைத்துவிடுகிறார்கள். மைட்டர் சாவின் (சாய்வெட்டு ரம்பத்தின்) அளவுகோலில் நேர்வெட்டு 0 என்பதால் கணக்கு வேறு: 180-இலிருந்து மூலையைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். 92.4-க்கு 43.8, 88-க்கு 46, 135-க்கு 22.5. 90 டிகிரி மூலையில் இரண்டு கணக்கும் 45 என்றே வருவதால் தவறு வெளியே தெரியாது. 92.4-இல் 46.2 வைத்து இரு துண்டையும் வெட்டினால் மொத்தம் 4.8 டிகிரி பிசகும், 12 மி.மீ. பலகையின் முன்முகத்தில் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. வாய் திறக்கும். மைட்டர் கோணத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டும் கருவிகளும் உண்டு. விலை கூடுதல். சூத்திரத்தைக் கருவியின் பெட்டியில் எழுதி ஒட்டிவிட்டால் அந்தச் செலவு தேவையில்லை.

உள்மூலை 90-ஐ விட விரிந்திருக்கும்போது 45-இல் வெட்டினால் இடைவெளி முன்பக்கம் வரும். குறுகியிருந்தால் முன்பக்கம் மோதி, பின்பக்கம் சுவரை ஒட்டித் திறக்கும். அது அவ்வளவாகக் கண்ணில் படாது. வெளிமூலையில் இது தலைகீழ். அதனால் வெளிமூலைக்குக் கணக்கில் வந்த எண்ணோடு கால் டிகிரி கூட்டியும், உள்மூலைக்குக் கால் டிகிரி குறைத்தும் வெட்டினால் முன்முகம் இறுக மூடும்.

கருவியின் எல்லை தெரியும் இடம் கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் அலங்காரச் சட்டமான ஆர்க்கிட்ரேவ். ஸ்கர்ட்டிங்கில் மைட்டர், அதாவது சாய்வெட்டு, ஓடுவது பலகையின் கனத்தில். இங்கே ஓடுவது அகலத்தில். 70 மி.மீ. அகலச் சட்டத்தில் வெட்டின் நீளம் 99 மி.மீ. மொத்தக் கோணம் 1 டிகிரி தவறினால் 1.7 மி.மீ. இடைவெளி, கருவியின் 0.3 டிகிரியே அரை மி.மீ. ஆகிவிடும். எனவே எண் தொடக்கப் புள்ளி மட்டுமே. இடது மூலை, வலது மூலை இரண்டையும் தனித்தனியாக அளந்து, அதே அகலக் கழிவுத் துண்டில் வெட்டி வைத்துப் பார்த்த பிறகே நல்ல சட்டத்தைத் தொட வேண்டும். கோணம் சரியாக இருந்தும் மூட்டு ஒட்டாவிட்டால், பூச்சு நிலையை விட முன்னே துருத்திக்கொண்டு சட்டத்தைச் சாய்க்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் பூச்சைச் செதுக்குங்கள், அல்லது சட்டத்தின் பின்பக்கத்தை இழையுங்கள். பொருத்தி மாதங்கள் கழித்து உள்விளிம்பில் விரிசல் விட்டால் அது கோணத்தின் குற்றமே அல்ல. ஈரம் காயாத மரம் அகலத்தில் சுருங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஊதினால் திறப்பது வெளிவிளிம்பு.

இந்த இடத்தில் ஆசாரிமார் வைத்திருக்கும் சாய்மட்டம் (எண் இல்லாமல் கோணத்தைப் பிடித்துப் பூட்டும் கருவி) இன்னும் தோற்கவில்லை. மூலையில் பிடித்துப் பூட்டி, பலகையில் கோடாக இறக்கி, காம்பஸால் சரிபாதியாக்கி, அந்தக் கோட்டுக்கு ரம்பத்தைத் திருப்பினால் எண்ணே வேண்டாம், கணக்குத் தவறும் வராது. அளந்த எண்ணை அடுத்த அறையில் இருக்கும் ரம்பக்காரருக்குச் சொல்ல வேண்டுமென்றால் டிஜிட்டல்தான் வசதி.

கருவி காட்டுவதில் சந்தேகம் வந்தால் டேப் போதும். ஒரு சுவரில் 300 மி.மீ., மறு சுவரில் 400 மி.மீ. குறித்துக் குறுக்கே அளந்தால் 90 டிகிரிக்கு 500 வர வேண்டும். 4 மி.மீ. கூடினால் ஏறக்குறைய 1 டிகிரி விரிவு, குறைந்தால் அதே அளவு குறுகல்.

ரம்பத்தையும் ஒருமுறை சோதியுங்கள். அகலமான பலகையை 0-வில் வெட்டி, ஒரு பாதியைப் புரட்டிப் போட்டு முனைகளைச் சேர்த்தால், தெரியும் இடைவெளி பிழையின் இரு மடங்கு. 45-இன் பள்ளத்தில் ரம்பம் தானாக விழுந்து பூட்டிக்கொள்வதால் 44.6 போன்ற எண்ணில் நிறுத்துவது சிரமம். பள்ளத்தைத் தவிர்க்கும் பிடி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பலகை சாய்ந்து நிற்கும் ரம்பத்தின் வேலிக்கும் பலகைக்கும் நடுவே அட்டைத் துண்டு செருகுங்கள்.

கடற்கரை ஊரில் இந்தக் கருவிக்கு எதிரி ஈரம். சென்சாருக்குள் ஈரம் போனால் எண் தாவும், நிலைக்காது. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் பெட்டியில் வையுங்கள். அணைத்த பிறகும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் ஓடுவதால், நாள்கணக்கில் எடுக்காதபோது சி.ஆர். 2032 செல்லைக் கழற்றிவிடலாம்.

வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். கைகளை முழுக்க மூடி ஜீரோ அழுத்துங்கள். நடுவில் தூசி இருந்தால் அந்த ஜீரோவே பொய், துடைத்துவிட்டு அழுத்துங்கள். பிறகு கடையின் கண்ணாடி மேசை மேல் நேராக விரித்தால் 180 காட்ட வேண்டும். திரும்ப மூடினால் 0-க்கு வர வேண்டும். பூட்டுத் திருகை இறுக்கும்போது எண் 0.2-க்கு மேல் நகர்ந்தால் வேறு ஒன்றைக் கேளுங்கள்.