50 ஆம்ப் கேபிள்: உள்ளே திணிப்பதா, மோட்டார் போடுவதா, கழற்றி வைப்பதா?

அமெரிக்காவில் பெரிய ஆர்வி, அதாவது வீட்டு வசதிகளோடு கூடிய வண்டி, வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையை விளக்கவே வேண்டாம்: முகாமிடும் இடத்து மின்கம்பத்திலிருந்து வண்டிக்கு மின்சாரம் எடுக்கிற 50 ஆம்ப் கேபிளைக் கிளம்பும்போது எப்படி எடுத்து வைப்பது? 36 அடி நீளம், கிட்டத்தட்ட ஓர் அங்குலத் தடிமன், பிளக்குகளோடு சேர்த்து 13, 14 கிலோ. உள்ளே 6 கேஜ் கம்பி மூன்று, எர்த்துக்கு 8 கேஜ் கம்பி ஒன்று. நம் ஊர் வீடுகளில் ஏசிக்கு 4 சதுர மி.மீ. வயர் இழுப்பார்கள் அல்லவா? 6 கேஜ் என்பது 13.3 சதுர மி.மீ. செம்பு மட்டுமே நாலரை கிலோ தேறும். மீதியெல்லாம் உறையின் கனம்.

இத்தனை செம்பு எதற்கு என்றால், 30 ஆம்ப் வண்டிக்குள் வருவது ஒரே ஒரு 120 வோல்ட் லைன். மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் வண்டியில் பெயரைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். அதில் 50 ஆம்ப் லைன்கள் இரண்டு வருகின்றன, ஆக 12,000 வாட். கூரையில் இரண்டு ஏசி ஓட, கீழே இண்டக்‌ஷன் அடுப்பில் தோசையும் வார்க்கலாம் என்பது இதனால்தான்.

30 ஆம்ப்காரர்களை இங்கேயே அனுப்பிவிடலாம். யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று நம்மவர்கள் வாடகைக்கு எடுத்துப் போகிற கிளாஸ் சி (வேன் முகப்புள்ள நடுத்தர ரக) வண்டிகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். அந்தக் கேபிள் எடையில் இதில் பாதிகூட வராது. 5 கேலன் பக்கெட் ஒன்று, வெல்க்ரோ பட்டை இரண்டு. அவ்வளவுதான் செலவு.

50 ஆம்ப் வண்டியில் வழி மூன்று. வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்திய கேபிளை ஓட்டை வழியாக உள்ளே தள்ளி வைப்பது. பொத்தானை அமுக்கினால் மோட்டார் உள்ளே இழுத்துக்கொள்வது. இரு முனையையும் கழற்றித் தனியாக எடுத்து வைப்பது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழற்றும் கேபிள், அகலமான ஒரு தொட்டி. முதுகுவலிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கேபிளின் எடை ஆளைப் படுத்துவதைவிட பிளக்கை அதிகம் படுத்துகிறது. எதை வாங்குவது என்று யோசிக்கும்போது பெரும்பாலானோர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஓட்டை வழியாகத் திணிப்பது

வண்டியின் பக்கவாட்டில் சின்ன மூடி போட்ட ஒரு துவாரம். அதற்குள் ஓர் அறை, அறைக்குள் கேபிள். வெளியே இழுப்பது சுலபம். சிரமமெல்லாம் திரும்ப உள்ளே அனுப்புவதில். கோடையில் அடம் பிடிக்காமல் போய்விடும். அக்டோபரில் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில், 7,000 அடி உயரத்தில், பொழுது விடிந்த கையோடு கிளம்பப் பாருங்கள். இரவெல்லாம் உறைபனியில் கிடந்த பிவிசி உறை விறைத்துப் போயிருக்கும். ஓர் அடி உள்ளே தள்ளினால் அரை அடி வெளியே வரும். உள்ளே கேபிள் எந்தப் பக்கம் மடங்குகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. அறைக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளிருந்து இழுக்க, இன்னொருவர் வெளியிலிருந்து தள்ள வேண்டும். குடும்பச் சண்டைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இன்னொரு தொல்லையும் உண்டு. மண்ணும் ஈரமும் கேபிளோடு சேர்ந்து உள்ளே போகும். மூடி சரியாக மூடாவிட்டால் எலி வேறு குடியேறும். அந்தத் துவாரத்துக்கு ஆர்விக்காரர்கள் வைத்த பேரே எலிப்பொந்துதான்.

ஆனாலும் இதற்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. கேபிளின் ஒரு முனை வண்டிக்குள் பெட்டியில் திருகாணி போட்டு இறுக்கியாகிவிட்டது. கழற்றி மாட்டுகிற இடம் வெளியே கம்பத்தில் மட்டுமே. மின்சாரம் தாவிக் கடக்கிற சந்திப்பு எத்தனை குறைகிறதோ, கெட்டுப்போக அத்தனை இடம் குறைவு. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு இதை மாற்றச் சொல்லி யாரும் கேட்டால் நான் வேண்டாம் என்பேன்.

மோட்டார்

இதில் இரண்டு சாதியை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று உருளையில் சுற்றுகிற அசல் ரீல். மற்றது கிளெண்டினிங் நிறுவனத்தின் கேபிள்மாஸ்டர் போன்றது. படகுகளுக்கென்று வந்து பிறகு பெரிய டீசல் மோட்டார்ஹோம்களில் ஏறியது. இதில் உருளையே கிடையாது. 12 வோல்ட் மோட்டார் சுழற்றுகிற உருட்டிகள் கேபிளைப் பிடித்து ஒரு பீப்பாய்க்குள்ளோ அறைக்குள்ளோ தள்ளும். கேபிள் தன்பாட்டுக்கு வளையமாக விழுந்து கிடக்கும். பார்க்க அழகு. முதுகு, முழங்கால் சரியில்லாதவர்களுக்கு இது சொகுசு என்று சொல்லக்கூடாது, தேவை.

விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். இடமும் கேட்கும், அடுத்த அறையில் வைக்க நினைத்திருந்த மடக்கு நாற்காலிகளுக்கு வேறு இடம் தேட வேண்டிவரும். மோட்டார் இருப்பதால் கை வேலையே இல்லை என்றும் நினைக்கக்கூடாது. கேபிள் உள்ளே போகும்போது ஒரு கையில் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் சரளைக் கல்லும் சேறும் உருட்டிகளுக்குள் போய்ச் சேரும். குளிரில் விறைத்த கேபிள் இங்கேயும் வளைய மறுக்கும், மோட்டார் முனகும்.

தோட்டக் குழாய்க்கு விற்கிற கைப்பிடி ரீலை மாட்டிச் சமாளிக்கிறவர்களும் உண்டு. 30 ஆம்ப் கேபிளுக்குச் சரி. 50 ஆம்ப் கேபிளை அந்தச் சின்ன உருளையில் வளைத்தால் கம்பிகளுக்கும் நல்லதல்ல, உங்கள் தோளுக்கும் நல்லதல்ல.

சுருட்டி வைத்தபடி மின்சாரம் ஓட்டினால் சூடாகுமா?

ரீல் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். வட்டமாகச் சுற்றினால் காந்தச் சுருள் ஆகிவிடும், அதனால்தான் சூடாகிறது என்று அடித்துச் சொல்வார்கள். அது காரணமே இல்லை. ஒரே உறைக்குள் போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமம்; இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். சூடு வருவது கம்பியின் மின்தடையால். சுருளின் நடுவில் இருக்கிற வளையத்துக்கு அந்தச் சூட்டை வெளியே விட வழி இல்லாததுதான் சிக்கல்.

எவ்வளவு சூடு? 6 கேஜ் கம்பியின் தடை ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 0.4 ஓம். 36 அடி கேபிளில் இரண்டு லைனிலும் 40 ஆம்ப் ஓடினால், முழு நீளத்திலும் சேர்த்து 46 வாட் சூடு. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. புல்மேல் நீட்டிக் கிடக்கிற கேபிளில் இது தெரியவே தெரியாது. நெருக்கமாகச் சுற்றி, மூடிய அறைக்குள், ஏரிசோனா வெயிலில் மணிக்கணக்கில் மின்சாரம் ஓடினால் கவலைப்படலாம். ஐரோப்பாவில் கேரவன்காரர்கள் வைத்திருக்கிற 25 மீட்டர் கேபிளில் கம்பி 2.5 சதுர மி.மீ.தான், அதனால் ரீலிலிருந்து முழுவதும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்வார்கள். அந்த எச்சரிக்கை அங்கே ரொம்பப் பொருத்தம். இங்கே, தளர்வான வளையங்களாகக் கிடக்கும் 6 கேஜ் கேபிளுக்கு அந்த அளவு பயம் வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. பிளக்கின் பின் ஒன்று சரியாகப் பொருந்தாமல் வெறும் 0.01 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ஆம்பில் அந்த ஒரு புள்ளியில் 16 வாட். 36 அடி முழுக்கப் பரவுகிற சூட்டில் மூன்றில் ஒரு பங்கு, விரல் நகம் அளவு உலோகத்தில். சூடு ஏறினால் பின்னைப் பிடிக்கிற வில் தளரும். தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். பிளாஸ்டிக் பழுப்பாகி உருகுவது இப்படித்தான்.

கழற்றும் கேபிள்

அதனால் நான் ஆதரிக்கிற வழியின் பலவீனத்தை மறைக்க முடியாது. வண்டிச் சுவரில் ஒரு ட்விஸ்ட் லாக் இணைப்பு கூடுதலாக வருகிறது. குத்தி, வலப்பக்கம் திருகி, மேலே இருக்கிற மரை வளையத்தையும் இறுக்க வேண்டும். பாதிப்பேர் திருகுவதோடு விட்டுவிடுகிறார்கள். பிறகு தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் இருக்கிற அந்த இணைப்பிலிருந்து கேபிளின் கனம் நேராகத் தொங்குகிறது. காற்றில் ஆடும்போதெல்லாம் உள்ளே இருக்கிற தகடுகள் ஒரு மயிரிழை அசையும். கம்பத்தில் இருக்கிற முனைக்கும் இதே கதிதான். அங்கே சர்ஜ் புரொடெக்டரையும் (மின்னழுத்தம் திடீரென எகிறினால் வண்டியைக் காக்கிற கருவி) மாட்டியிருந்தால் அதன் கனமும் சேர்ந்துகொள்ளும்.

பரிகாரம் பத்து நிமிட வேலை. இரண்டு முனையிலும் கேபிளுக்கு ஒரு கொக்கியோ நைலான் கயிற்றுத் துண்டோ போட்டுத் தாங்கிப் பிடிக்க வைத்தால், இணைப்பில் பாரம் இறங்காது. முதல் நாள் ஏசி முழு வீச்சில் ஓடும்போது இரு முனையிலும் பிளக்கின் வெளிப்புறத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு குறைக்கு ஈடாகக் கிடைப்பவை பல. கேபிள் அடிபட்டால் அதை மட்டும் மாற்றலாம், சில நூறு டாலரில். விறைக்காத எலாஸ்டோமர் (ரப்பர் போல வளைகிற) உறை போட்ட கேபிளாகவே வாங்கிக்கொள்ளலாம், உறையில் எஸ்.இ.ஓ.டபிள்யூ. என்று அச்சிட்டிருக்கும். சேறும் எலியும் வண்டிக்குள் வரா. திருட்டுக்குத்தான் கொஞ்சம் பயம். செம்பின் விலை அப்படி.

தொட்டியும் எட்டும்

கேபிளை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் சுற்றுகிற பழக்கம் நம் ரத்தத்தில் ஊறியது. இந்தக் கேபிளில் அது நடக்காது. ஒவ்வொரு சுற்றும் கேபிளை ஒரு முறை முறுக்கிவிடும், பிரிக்கும்போது அத்தனை முறுக்கும் சிக்காகத் திரும்பி வரும். மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பவர்கள் ஒரு வளையம் நேராகவும் அடுத்தது மணிக்கட்டைத் திருப்பி எதிராகவும் போடுவார்கள். முறுக்கு தன்னால் கழிந்துவிடும். ஓர் அங்குலக் கேபிளைக் கையில் அப்படித் திருப்புவது கஷ்டம். அதற்குப் பதில் தரையில் எட்டு போடலாம். லைசென்ஸ் எடுக்க ஆர்.டி.ஓ. மைதானத்தில் போட்ட அதே எட்டு: ஒரு வட்டம் இடமாக, ஒரு வட்டம் வலமாக. முடித்தபின் ஒரு வட்டத்தைத் தூக்கி மற்றதன்மேல் மடித்தால் சீரான வளையமாகிவிடும்.

நான் இதையும் சுருக்கித் தொட்டிக்குள்ளேயே செய்கிறேன். பண்ணைச் சாமான் கடைகளில் கால்நடைத் தீவனத்துக்கு விற்கிற, கயிற்றுக் கைப்பிடி வைத்த அகலமான தொட்டி. தண்ணீர் வடிய அடியில் நாலு துளை. கிளம்பும்போது முதலில் கம்பத்தில் பிரேக்கரை அணைத்து, பிளக்கின் கைப்பிடியைப் பிடித்து உருவி, அதைத் தொட்டியின் அடியில் வைத்துவிட்டு, கேபிளை வளையமாக விட்டபடியே வண்டியை நோக்கி நடப்பது. வண்டியை எட்டும்போது மேலே நிற்பது ட்விஸ்ட் லாக் முனை. அடுத்த ஊரில் முதலில் தேவைப்படுவதும் அந்த முனைதான்: அதை வண்டியில் மாட்டிவிட்டுத் தொட்டியோடு கம்பத்துக்கு நடந்தால் கேபிள் தானே கழன்று விழுந்துகொண்டு வரும். முழுக் கனத்தையும் தூக்குவது வண்டிப் பக்கத்தில் ஒரே ஒரு தடவைதான். தரையில் இழுபடுவதும் இல்லை. அமெரிக்க கேம்ப்கிரவுண்டுகளில் கம்பம் வழக்கமாக ஓட்டுநர் பக்கம், பின்பகுதியை ஒட்டி இருக்கும் என்பதால் தொட்டியை இடப்பக்கப் பின் அறையில் வைத்தால் நடையும் மிச்சம்.

மோட்டாரோடு வருகிற வண்டியை வாங்கினால் அதைப் பிடுங்கி எறியச் சொல்ல மாட்டேன். கையில் துணி மட்டும் மறக்க வேண்டாம். குனிந்து நிமிர முடியாதவர்கள் புதிதாகவே போட்டுக்கொள்ளலாம், காசுக்கு மோசமில்லை. மற்றவர்கள் அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் நல்ல உறை போட்ட கேபிளும் ஒரு தரமான சர்ஜ் புரொடெக்டரும் வாங்கினால், மிச்சத்தில் டீசலும் போட்டுக்கொள்ளலாம்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விற்பவர் சோபாவையும் ஸ்லைடையும் (பக்கவாட்டில் வெளியே நீளுகிற அறைப் பகுதி) காட்டிக்கொண்டிருக்கும்போது, சுவரிலுள்ள இணைப்பின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகள் பளபளவென்று இருந்தால் சரி. ஒரு தகட்டைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், கேபிள் முனையையும் சுவர் இணைப்பையும் சேர்த்தே மாற்றுகிற செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.