தார் ஷாம்புவும் தார் களிம்பும்: வாங்குமுன் கொஞ்சம் கேளுங்கள்

தலையில் சோரியாசிஸ் (தோல் சிவந்து, தடித்து, செதில் உதிரும் நோய்) என்று சொல்லி கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் பார்மசியில் கேட்டால், பெரும்பாலும் பொடுகு ஷாம்புவைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கோல் டார், அதாவது நிலக்கரித் தார் என்ற மருந்து, இருக்கிறதா, எத்தனை சதவீதம்?

தோல் டொக்டர் எனக்கு எழுதித் தந்தவை தலைக்கு 1 சதவீதத் தார் ஷாம்பு, முழங்கைக்குத் தாரும் செதிலை இளக்கும் சலிசிலிக் அமிலமும் கலந்த களிம்பு. ஷாம்புவை விற்ற கடையில் எப்படிப் போடுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டவுடன் கழுவினால் மருந்து தண்ணியோடுதான் போகும். அதைச் சொல்லாமல் விற்பது சரியில்லை.

நான் செய்வது இதுதான். இரவே தேங்காய் எண்ணெய் வைத்துச் செதிலை ஊற விடுவேன். காலையில் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, நுரை தோலில் படுமாறு விரல் நுனியால் தேய்த்து, ஐந்து நிமிடமாவது விட்டுக் கழுவுவேன். நகத்தால் சுரண்டவே கூடாது. முதலில் அரிப்பு அடங்கியது, பிறகு செதில் குறைந்தது. சிவப்பு மங்கத்தான் நாள் எடுத்தது. ஷாம்பு எனக்குக் கைகொடுத்தது என்று தயங்காமல் சொல்வேன்.

களிம்பு வேறு கதை. கொழும்பு வெக்கையில் பூசினால் வியர்வையோடு ஒழுகி, தலையணை உறையில் மண்ணிறக் கறை பிடிக்கும். எத்தனை தோய்த்தாலும் போகாது. இரவில் பழைய முழுக்கைச் சட்டையோடுதான் படுக்கிறேன். மயிர்க்கால்களில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். பூசிய இடத்தில் வெயில் படக்கூடாது, காலி வீதியில் மத்தியானம் நடப்பவர்கள் கவனம்.

இவ்வளவு தொல்லைப்பட்டும் தாரை ஏன் விடவில்லை? நிலக்கரியைக் காற்றில்லாமல் சுடும்போது கிடைக்கும் இந்தத் தாரில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. 1925இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கோக்கர்மேன் என்ற டொக்டர் தாரைப் பூசிப் புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். இப்போது அந்தச் சேர்மங்களைத் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். கார்பசோல் என்ற ஒன்று அழற்சியையும் புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதையும் தடுக்கிறது என்று 2006இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. அப்படி ஒன்று மணமில்லாமல், கறையில்லாமல் களிம்பாக வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு நிம்மதி!

புற்றுநோய் வருமா என்று வீட்டில் பயந்தார்கள். தாரோடு தொழில் செய்பவர்களுக்கு அந்த ஆபத்து உண்மை. ஆனால் மருந்தாகப் பூசியவர்களை, சோரியாசிஸ் அல்லது எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) உள்ள சுமார் 13,200 பேரை வைத்து நெதர்லாந்தில் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதைப் படித்த பிறகுதான் அம்மா சம்மதித்தார்.

ஷாம்புவில் தொடங்குங்கள். களிம்பு டொக்டர் எழுதினால் மட்டும், அதுவும் சின்ன டப்பாவாக. முகத்திலும் அக்குளிலும் வெடித்த தோலிலும் பூச வேண்டாம்.