மஹிந்திரா தார் (2020): முன் சஸ்பென்ஷன் எப்படி?

2010-ல் வந்த தாரின் CRDe மாடலிலும் முன்சக்கரங்கள் தனித்தனியாகத்தான் ஆடும். ஆனால் அதில் ஸ்பிரிங் வேலையைச் செய்தது முறுக்கி மீளும் கம்பியான டார்ஷன் பார். 2020 அக்டோபரில் வந்த தாரில் முன்னால் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம் தாங்கும். காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே கூட்டாக லோயர் (கீழ்) ஆர்மில் உட்கார்ந்திருக்கின்றன. பின்னால் மட்டும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு.

தார் போட்ட சாலையில் இந்த அமைப்புக்கு முழு மதிப்பெண். இரண்டு முன்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நின்றுவிடுவதால் பள்ளத்தில் இறங்கி ஏறும் எடை குறைவு. இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலது சக்கரம் சாயாது. ஸ்டீயரிங்கும் கையை உதறாது.

ஒரு சக்கரம் மேட்டிலும் அடுத்தது பள்ளத்திலும் நிற்கும் குறுக்குப் பள்ளத்தில் மட்டும் மாருதி ஜிம்னியின் ரிஜிட் ஆக்ஸில் ஒரு படி மேல். அதில் ஒரு சக்கரம் மேலே போனால் அடுத்ததைக் கீழே அழுத்தும். தாரில் அது நடக்காது, ஒரு முன்சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கும். இன்னொன்று: 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது நிற்கும் வண்டியின் கணக்கு. முன்பக்கம் அமுங்கும்போது டிஃபரன்ஷியலும் சேர்ந்து இறங்கும். அதனால் கல் உள்ள இடத்தில் வேகமாக விடவே கூடாது.

இந்த சஸ்பென்ஷனைக் கெடுப்பது பெரும்பாலும் வண்டியை உயர்த்தப் போடும் லிஃப்ட் கிட்தான். ஸ்பிரிங் கூட்டு ஆர்மின் முனையில் இல்லாமல் உள்ளே தள்ளி இருப்பதால், மேலே 25 மி.மீ. ஸ்பேசர் (இடைத்துண்டு) வைத்தால் வண்டி அதைவிட அதிகமாகவே உயரும். கூட்டின் நீளமும் கூடிவிடுவதால், சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டி இறங்கும். ஆக்ஸில் ஜாயின்ட் அளவுக்கு மீறிய கோணத்தில் மடங்கும், அதை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே போய் மணல் உள்ளே வரும். அப்புறம் முழுசாக ஒடித்துத் திருப்பினால் 'கட கட' சத்தம். ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் இதே கதிதான். டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறி டயர் ஓரம் தேய்வது தனிச்செலவு. உயரம் கட்டாயம் வேண்டுமென்றால் ஸ்பேசரை விட்டுவிட்டு, நீளம் சரியாகக் கணக்கிட்ட ஸ்பிரிங், ஷாக் செட்டாகவே போடுங்கள். போட்ட அன்றே அலைன்மென்ட்டும் பாருங்கள்.

இந்தத் தாரை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் முதலில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துவிட்டு பூட்டின் மடிப்புக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் உள்பக்கம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து லோயர் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்ட் பக்கமாக ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். சேஸிஸில் ஜாக்கி வைத்தால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஆட்டத்தை மறைத்துவிடும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடவலமாக ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட்.

ஆர்மின் ரப்பர் புஷ் மாற்றும் இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு (டார்க்) கொடுக்க வேண்டும்.