பழைய டிவியில கழற்றிய எல்இடி வாங்கப் போறீங்களா? பிள்ளைங்க காசு 2,350 ரூபாய் போச்சு, இதைப் படிச்சுட்டுப் போங்க

இன்று மாலை கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அந்த ஆத்திரத்தோடேயே எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர். பழைய டிவி திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி பட்டைகளை அறுத்து, ஒவ்வொரு எல்இடியையும் 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் எரியவிட்டு, படிக்கிற விளக்கு செய்யலாம் என்று திட்டம். பிள்ளைகள் 47 பேர், தலைக்கு 50 ரூபாய். ஒருத்தி பத்து ரூபாய் காயின் ஐந்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து, "கடையில வாங்க மாட்டேங்குறாங்க சார், நீங்க வாங்கிப்பீங்களா?" என்று கேட்டாள். மொத்தம் 2,350 ரூபாய்.

பழைய டிவிகளைப் பிரித்து பாகம் விற்கிற கடை ஒன்றில் 25 பட்டை கேட்டேன். 2,500 சொன்னார். பிள்ளைகள் காசு என்றதும், "படிக்கிற பசங்களுக்கா? இருக்கறதைக் கொடுங்க சார்" என்று 150 ரூபாயைக் குறைத்தார். நான் விழுந்தது அங்கேதான். கட்டின் மேலேயிருந்து மூன்று பட்டை எடுத்து, 3 வோல்ட் பட்டன் செல்லை ஒவ்வொரு எல்இடியிலும் வைத்துக் காட்டினார். பளிச்சென்று எரிந்தன. "எல்லாமே 3 வோல்ட் சார், கையால டெஸ்ட் பண்ணி வெச்சது." நம்பினேன். மற்ற 22-ஐத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் ஒரு பட்டைக்கு 8 வீதம் 200 எல்இடியையும் சோதித்தேன். ஒழுங்காக எரிந்தவை 61. எரியாத ஒன்றின் மேல் மூடியிருக்கும் பிளாஸ்டிக் லென்சை நெம்பினால் பசை இன்னும் பிசுபிசுக்கிறது. உள்ளே மஞ்சள் பரப்பின் நடுவே கடுகளவு கரும்புள்ளி. எரிந்துபோன எல்இடி மேல் லென்சைப் புதிதாக ஒட்டி விற்றிருக்கிறார்! தெரியாமல் நடந்ததென்று இனி யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

போன் செய்தால் முதலில், "உங்க வயரிங் தப்பா இருக்கும் சார்." அடுத்த நாள், "அது 6 வோல்ட் டைப், பட்டன் செல்லுல எரியாது." அப்படியானால் நீங்கள் எதை வைத்து எரியவிட்டுக் காட்டினீர்கள்? 9 வோல்ட் பேட்டரியோடு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டும் பார்த்தேன், 6 வோல்ட் எல்இடியாக இருந்தால் மங்கலாகவாவது எரியவேண்டும். அசையவில்லை என்றேன். "பழைய சாமானுக்கு எவன் கேரண்டி தருவான்?" அதோடு பிளாக். பில் கேட்காமல் வந்தது என் தப்பு. 2,350 ரூபாய்!

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடிந்தது இவ்வளவுதான். கட்டின் அடியிலிருந்து நீங்களே உருவி எடுத்துச் சோதியுங்கள். லென்சை ஒன்றிரண்டிலாவது கழற்றிப் பாருங்கள். கரும்புள்ளி இருந்தால் மொத்தக் கட்டையும் வைத்துவிட்டு வாருங்கள். ஊதா நிறத்தில் எரிந்தாலும் வேண்டாம், வெள்ளை ஒளி தரும் மஞ்சள் பூச்சு (பாஸ்பர்) போய்விட்டது. எரியவில்லையென்றால் பிளஸ் மைனஸை மாற்றி ஒருமுறை வையுங்கள். மல்டிமீட்டரின் டையோடு மோடில் வெள்ளை எல்இடி நன்றாக இருந்தாலும் சில மீட்டரில் எரியாது, அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பட்டன் செல்லில் மினுங்குவதும் போதாது. 9 வோல்ட் பேட்டரியில் அதே ரெசிஸ்டரோடு பத்து நிமிடம் எரியவிட்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், உள்ளே கம்பி விட்டிருந்தால் அணைந்து அணைந்து எரியும். ரெசிஸ்டர் இல்லாமல் 9 வோல்ட்டில் வைத்தால் நல்லதும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. 47 பிள்ளைகளுக்கு 61 எல்இடி, ஆளுக்கு ஒன்று வரும். அந்தக் காயின் கொடுத்த பிள்ளைக்கு முதலில் பிரகாசமானதாக ஒன்றைப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.