எல்எஸ்7 கிளட்ச் கிட்: சரக்கு தரம்தான், அளவு பார்க்காமல் மாட்டாதீர்கள்

பழைய செவர்லே வண்டியில் ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) எல்எஸ் வரிசை வி8 இன்ஜினை ஏற்றுபவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் வாங்கும் கிட் இது. கார்வெட் இசட்06-இல் 505 குதிரைத்திறன் கொண்ட 7 லிட்டர் இன்ஜினோடு வந்தது. 290 மி.மீ. கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், இன்ஜினோடு சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீல் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். பெடல் மிதமான கனம்தான். வண்டி குலுங்காமல் நகரும். 5.3 அல்லது 6.0 லிட்டர் டிரக் இன்ஜினைக் கம்பெனி நிலையிலேயே ஓட்டுபவர் ரேஸ் கிளட்ச்சுக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை.

கியர்பாக்ஸ் எது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிட்டில் வரும் பிளேட்டின் நடுவில் 26 பல், ஒன்றேகால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு, அதாவது 1-1/8 அங்குல ஸ்ப்லைன் (கியர்பாக்ஸ் தண்டு கோத்துக்கொள்ளும் பல்வரிசை). ட்ரெமெக் டி56 என்ற ஆறு கியர் பாக்ஸுக்கு அப்படியே ஏறும். 1970 வரை வந்த பழைய மன்சி எம்20, எம்21 நான்கு கியர் பாக்ஸில் தண்டு தடிமன் அதே 1-1/8 தான், ஆனால் பல் 10. ஏறவே ஏறாது; பிளேட்டை மட்டும் தனியாக மாற்ற வேண்டும்.

கியர்பாக்ஸ் தண்டின் நுனியை இன்ஜின் கிராங்கின் (சுழலும் தண்டின்) பின்முனையில் தாங்கும் பைலட் பேரிங் இந்தப் பெட்டியில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எல்எஸ் கிராங்கின் பின்முகம் செவர்லேயின் பழைய ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினை விட சுமார் 10 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் பழைய கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சுக்குள் நுழையும் தண்டு) நுனி கிராங்கின் உள்குழியில் இருக்கும் சின்ன பேரிங்கை எட்டாது, அல்லது நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அப்போது வெளிக்குழியில் உட்காரும் 1.705 அங்குலப் பெரிய பேரிங்கைப் போட வேண்டும். எல்எஸ்1-க்கென்றே வந்த டி56 என்றால் 1.094 அங்குலச் சின்னதே போதும். ஷாஃப்ட் தாங்கலில்லாமல் ஆடினால் கிளட்ச்சை மிதித்தாலும் கியர் விழாது, பிளேட்டின் ஸ்ப்லைனும் தேய்ந்து போகும்.

இந்த வேலையில் அதிகம் பேர் கோட்டை விடுவது ரிலீஸ் பேரிங்குக்கும் (பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்கும் பேரிங்) அந்த விரல்களுக்கும் நடுவே விடும் இடைவெளியில். பெல் ஹவுசிங்கோடு (கிளட்ச்சை மூடும் மணி வடிவக் கூடு) கியர்பாக்ஸை நிறுத்தி, பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரைக் கையால் முழுக்க அமுக்கிப் பிடித்து, பெல்லின் முகத்திலிருந்து பேரிங் முகம் வரை ஆழம் எடுங்கள். அடுத்து பிளாக்கின் பின்முகத்திலிருந்து பிரஷர் பிளேட் விரல் நுனி வரை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எடுங்கள். முதலாவது 76 மி.மீ., இரண்டாவது 69 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 7 மி.மீ. தேவை 2.5 முதல் 5 வரை. ஸ்லேவுக்குப் பின்னால் 3 மி.மீ. ஷிம் (இடைவெளி சரிசெய்யும் தகடு) கொடுத்தால் 4-இல் நிற்கும்.

இடைவெளி போதாவிட்டால் உடனே தெரியாது. பிளேட் தேயத் தேய விரல்கள் பின்னால் வரும், பேரிங் நகர இடமிருக்காது, பெடலை மிதிக்காமலேயே கிளட்ச் ஸ்லிப் ஆகும். "கிளட்ச் சீக்கிரம் எரிந்துவிட்டது, சரக்கு மட்டம்" என்ற புலம்பல்களில் பல இந்த வகை. இடைவெளி அதிகமானால் நேர்மாறு: ஸ்லேவ் பிஸ்டன் சீலைத் தாண்டி வெளியே வந்து ஆயில் ஊற்றும். கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியதுதான்.

ஃப்ளைவீல் போல்ட் ஆறையும் எதிரெதிராக 20, 50, 100 நியூட்டன் மீட்டர் என்று மூன்று சுற்றாக இறுக்குங்கள். பிளேட்டின் ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கட்டும். பாக்ஸ் கையால் தள்ளியே பெல்லோடு சேர வேண்டும்; போல்ட்டால் இழுத்தால் பைலட் பேரிங் செத்தது.

பெடலோடு இணைந்து ஸ்லேவுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் போர் (உள்விட்டம்) முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தால் கிளட்ச் முழுசாக விடாது. ஏர் எடுக்கும் ஸ்க்ரூ பெல்லுக்குள் மறைந்துவிடும் என்பதால், பாக்ஸை ஏற்றும் முன்பே ஒரு நீட்டிப்புக் குழாயை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.