பெரிய ஆபீஸா, சைட்டா? ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் பயிற்சிக் காலம்

ஐந்தாண்டு பி.ஆர்க் படிப்பில் பயிற்சிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு செமஸ்டர். அதைச் சென்னையின் பெரிய நிறுவனத்தில் கழிப்பதா, சைட்டிலேயே கிடக்கும் சின்ன ஸ்டூடியோவிலா?

பெரிய இடத்தில் ஒழுங்கு பழகும். பிளம்பிங் குழாய் பீமில் இடிப்பதை வரைபடத்திலேயே பிடிப்பது, தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி பக்க இடைவெளி விடுவது எல்லாம் அங்கே தினசரி வேலை. ஆனால் கழிப்பறை டைல்ஸ் வரைபடத்தோடே மாதங்கள் ஓடிவிடவும் கூடும்.

சின்ன இடத்தில் கான்கிரீட் போடும் நாளன்று நேரில் நிற்க வேண்டும். ஸ்லாப் கம்பிக்கு 20 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) என்று எழுதுவது சுலபம். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் நகர்ந்து, ஆள் மிதித்து, கம்பி சென்டிரிங் பலகையில் படுத்துக்கிடப்பதைப் பார்த்தவர்தான் அந்த எண்ணை மதிப்பார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு (உள்ளே வெற்றிடம் விட்டுச் சுவர் கட்டும் முறை), செங்கலில் ஏறக்குறைய 25% மிச்சப்படுத்தும் என்பது வகுப்பிலேயே தெரிந்துவிடும். செங்கலைக் குத்தாக நிறுத்தி, நடு இடைவெளியில் கலவை விழாமல் கட்ட எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது கொத்தனார் பக்கத்தில் நின்றால்தான் புரியும்.

என் ஓட்டு சைட்டுக்கே. மென்பொருளை அப்புறமும் கற்கலாம், மேஸ்திரியிடம் "அண்ணே, இது ஏன் இப்படி?" என்று கூச்சமில்லாமல் கேட்கும் வயது இதுதான். பெரிய நிறுவனம்தான் அமைந்ததா? சரி, வாரம் ஒருநாள் சைட்டுக்கு அனுப்புவார்களா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.